ஜார்ஜியாவில் அந்து விழுந்த கம்பளங்கள்

திபிலிசி விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த அதிகாரி முதலில் கையில் எடுத்தது வசம்புப் பொட்டலத்தை. காகிதத்தில் சுற்றி நூல் கட்டி வைத்திருந்தேன். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தவர் முகத்தைச் சுளித்தார். என்ன இது என்று கேட்டார். பூச்சி வராமல் இருக்க வைக்கிற வேர் என்றேன். எதில் வைப்பதற்கு என்றார். கம்பளத்தில் என்றேன். எந்தக் கம்பளம் என்றார். உங்கள் ஊர்க் கம்பளம்தான் என்று சொல்ல வாயெடுத்தபோது என் ஆங்கிலம் குழறிவிட்டது. வேர், விதை, மண் எதுவும் உள்ளே வரக்கூடாது என்று பொறுமையாக விளக்கிவிட்டு, வசம்பையும் அதோடு வைத்திருந்த வேப்பிலைத் தூளையும் ஒரு தொட்டியில் போட்டார். எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அதை மட்டும் திரும்பக் கொடுத்தார்.

அந்த இரண்டும்தான் நான் என் கையால் செய்து பழகிய வைத்தியம். இனி மிச்சமிருப்பது நான் செய்தே இராத ஒன்று. அதைச் செய்தவளாக என்னை நினைத்துத்தான் இந்த நாட்டுக் கிராம அருங்காட்சியகம் ஒன்று வரவழைத்திருந்தது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் எஸ்தர். வயது ஐம்பத்தொன்று. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு அறக்கட்டளை நடத்தும் சின்ன அருங்காட்சியகத்தில் வேலை. ஓலைச்சுவடிகளையும் பழைய பட்டுத் துணிகளையும் பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சின்ன அருங்காட்சியகங்களில் வேலை செய்பவர்களுக்காக இணையத்தில் ஒரு வகுப்பு நடந்தது. அதில்தான் நினோ என்ற பெண் பழக்கமானார். ஜார்ஜியாவின் கிழக்குப் பக்கம், மலையடிவாரத்தில் ஒரு கிராமம். அங்கே கம்பளங்களும் கைவேலைகளும் வைத்திருக்கும் இரண்டு அறை அருங்காட்சியகத்தை அவர் நடத்துகிறார். கம்பளங்களில் பூச்சி விழுந்துவிட்டது என்று ஒருநாள் வகுப்பில் சொன்னார். அப்போது நான் வாயைத் திறந்தேன். கம்பளத்தைப் பாலிதீன் உறையில் காற்றுப்போகாமல் சுற்றி, குளிர்பெட்டியில் மைனஸ் இருபதில் ஒரு வாரம் வைத்தால் புழுவும் முட்டையும் செத்துவிடும், நாங்கள் அப்படிச் செய்திருக்கிறோம் என்றேன்.

அந்த ‘நாங்கள்’தான் வினை. செய்தது அப்போது எனக்கு மேலே இருந்த அதிகாரி. நாகப்பட்டினத்தில் மீன் வைக்கும் ஐஸ் கிடங்கில் நாலு சால்வைகளை வைத்தார். நான் வெளியே நோட்டோடு நின்று குறிப்பெழுதினேன், அவ்வளவுதான். வகுப்பில் எல்லோரும் தலையாட்டியதும் திருத்திச் சொல்ல மனம் வரவில்லை. மூன்று மாதம் கழித்துப் பதினாறு நாள் பயணத்துக்கான அழைப்பு வந்தபோதும் வரவில்லை. வெளிநாடு போகிறேன் என்று தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

நினோ வெளியே காத்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கிராமத்துப் பள்ளியில் பாட்டு டீச்சரும்கூட. கட்டிப்பிடித்து ஒரு கன்னத்தில் முத்தம் கொடுத்தார். பின்னால் ஒரு பழைய மினிபஸ். அதன் ஓட்டுநர் கோச்சா தலையை மட்டும் அசைத்தார். பெரிய கைகள், நரைத்த மீசை. தினமும் கிராமத்திலிருந்து தலைநகருக்கு ஆள் ஏற்றிப் போய் வருவது அவர் தொழில். வண்டியில் உருளைக்கிழங்கு மூட்டை, ஒரு சைக்கிள், ஏழெட்டுப் பேர். ரோட்டோரம் ஒரு கோயில் வந்தால் எல்லோரும் மூன்று முறை சிலுவை போட்டுக்கொண்டார்கள். கோச்சாவும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுப் போட்டார். நான் லுத்தரன் குடும்பம். எங்கள் வழக்கத்தில் அது இல்லை. ஆனாலும் அந்த வளைவுகளில் நானும் போட்டுக்கொண்டேன்.

கணவாயில் வண்டி நின்றது. ரோடு முழுக்க ஆடு. கோடைக்கு மலைமேலே மேய்ச்சலுக்கு ஓட்டிப் போகிறார்களாம். முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் என்று தெரியவில்லை. எங்கள் பக்கம் அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்க்க வருகிறவர்கள் ரோட்டைக் கடக்கும்போது பஸ் நிற்கும், ஐந்து நிமிடம். இங்கே ஒரு மணி நேரம் நின்றோம். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. கோச்சா இறங்கி ஒரு மேய்ப்பனோடு பேசிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் நினோ சொன்னார். வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் படத்தில் இருப்பது கோச்சாவின் மனைவி எத்தேரி. பதினோரு வருடமாக இத்தாலியில், ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இந்தக் கிராமத்தில் பாதி வீடுகளில் பெண்கள் இத்தாலியில் அல்லது கிரேக்கத்தில். ஆண்கள் வீட்டில் இருந்து பிள்ளைகளையும் திராட்சைக் கொடியையும் பார்த்துக்கொள்கிறார்கள். எங்கள் பக்கத்துக் கூத்தாநல்லூரிலும் அதிராம்பட்டினத்திலும் ஆண்கள் வளைகுடாவில் இருப்பார்கள், பெண்கள் வீட்டில். இங்கே கணக்கு தலைகீழ்.

“எத்தேரியோட கல்யாணக் கம்பளம் நம்ம மியூசியத்துலதான் இருக்கு,” என்றார் நினோ. “அதுலயும் பூச்சி.” அவர் பேசியது ஆங்கிலம். ஊர்க்காரர்கள் பேசியதை அவர் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார். நான் எல்லாவற்றையும் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன்.

மறுநாள் காலை அருங்காட்சியகத்தைப் பார்த்தேன். சோவியத் காலத்தில் கூட்டுப்பண்ணையின் அலுவலகமாக இருந்த கட்டடம். முன் அறையில் ஜன்னலோரம் ஒரு பெரிய தறி, செங்குத்தாக நிற்பது. வாரத்தில் மூன்று நாள் ஐந்தாறு பெண்கள் வந்து நெய்கிறார்கள். கம்பளிக் காலுறை, தொப்பி, ஆட்டுரோமத்தை அடித்துச் செய்யும் கனத்த விரிப்பு எல்லாம் மேசையில் விற்பனைக்கு. நான் போன அன்று ஒரு பேருந்து நிறையப் பயணிகள் வந்து காலுறைகளைக் கை நிறைய அள்ளிக்கொண்டு போனார்கள். உள் அறையில்தான் பழைய கம்பளங்கள், சுவர் முழுக்க. ஒன்றுகூட அருங்காட்சியகத்தின் சொந்தம் இல்லை என்றார் நினோ. எல்லாம் ஊர் வீடுகளில் இருந்து நம்பிக் கொடுத்தவை. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கேட்கலாம். ஒருவர் கேட்டால் பின்னாலேயே எல்லோரும் கேட்பார்கள்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பின்பக்கம் பார்த்தேன். எங்கள் ஊரில் பத்தாயத்து நெல்லில் விழும் அந்து எல்லோருக்கும் தெரியும். இது கம்பளியைத் தின்னும் அந்து. புழு தன்னைச் சுற்றி ஒரு சின்னக் கூடு கட்டிக்கொண்டு மேயும். அதன் எச்சம் மணல் மாதிரி உதிர்ந்திருக்கும், தின்ற நூலின் நிறத்திலேயே. சிவப்புப் பூவைத் தின்றிருந்தால் சிவப்பு மணல். நாற்பது கம்பளங்களில் ஐந்தில் இருந்தது. ஐந்தாவது எத்தேரியுடையது. மற்றவை இருண்ட நிறம். இதில் கறுப்பு ஓரம், வெள்ளைத் தளம், நடுவே வரிசையாகச் சிவப்புச் சாய்சதுரங்கள். கீழே மூன்று சதுரங்கள் மற்றவற்றைவிடச் சற்றே பளிச்சென்று இருந்தன. அருகிலிருந்த அட்டையில் சாயம் மஞ்சிட்டி வேர் என்று எழுதியிருப்பதாக நினோ படித்துச் சொன்னார். வேர்ச்சாயம் என்றால் தண்ணீருக்குப் பயப்பட வேண்டியதில்லை என்று எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

மூன்றாம் நாள் உறை போட்டோம். ஊர் மளிகைக் கடையில் இறைச்சிக் கொழுக்கட்டையும் மீனும் வைக்கிற இரண்டு பெரிய குளிர்பெட்டிகள் இருந்தன. ஒன்றை முழுதாகவும் இன்னொன்றில் பாதியையும் கடைக்காரர் எங்களுக்கு ஒதுக்கினார். என் குறிப்பில் இரண்டு உறை, ஒன்றின்மேல் ஒன்று, என்று தெளிவாக எழுதியிருந்தது. நான்கு கம்பளம் முடிந்தபோது பாலிதீன் சுருள் தீர்ந்தது. வாங்க வேண்டுமானால் நகரத்துக்குப் போகவேண்டும். கோச்சா கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவசரப்படுத்தினார். கேட்டால் எனக்குத் தெரியாது என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. ஐந்தாவதுக்கு ஒற்றை உறை போதும் என்று சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு வேலை இல்லை. வேலை இல்லாததுதான் பெரிய வேதனை. தினமும் மூன்று தடவை கடைக்குப் போய்த் தெர்மாமீட்டரைப் பார்ப்பேன். மற்ற நேரம் சாப்பாடு. நினோ வீட்டில் மேசை காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. மொச்சை மாதிரி ஒரு அவரையைக் கொத்துமல்லி போட்டு மண்சட்டியில் மசித்து வைக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் நம் வீடு. பச்சைப் பிளம்ஸில் ஒரு புளிப்புத் தொக்கு. மாங்காய்க்கு அது தங்கை. கொழுக்கட்டையைத்தான் கையாளத் தெரியவில்லை. குடுமியைப் பிடித்துக் கவிழ்த்து, ஓரத்தைக் கடித்து, உள்ளே இருக்கும் சாற்றை உறிஞ்சிவிட்டுப் பிறகு தின்ன வேண்டும். நான் நேராகக் கடித்து, சாறு முழங்கைவரை வழிந்தது. பதிலுக்கு என் ஊறுகாயை எடுத்து வைத்தேன். நினோ ஒரு துண்டைத் தின்றுவிட்டு இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

சோறு கேட்டேன். பாலில் சர்க்கரை போட்டு வேகவைத்த அரிசி வந்தது. உடம்பு சரியில்லாத குழந்தைக்குக் கொடுப்பதாம். மூன்று போகம் விளைந்த மண்ணிலிருந்து வந்தவள் அதையும் சாப்பிட்டேன்.

ஆறாம் நாள் மதியம் வானம் கறுத்தது. நான் கடையில் தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று மலைப்பக்கம் வெடிச்சத்தம். ஒன்று, இரண்டு, தொடர்ந்து. சண்டை வந்துவிட்டதோ என்று கடைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் வானத்தைக் காட்டினார். ஆலங்கட்டி மழை திராட்சையை அடித்துவிடக்கூடாது என்று மேகத்துக்குள் ராக்கெட் விடுகிறார்கள். எங்கள் பக்கம் அறுப்பு நேரத்தில் மழை வந்தால் தலையில் கைவைத்து உட்காருவோம். இவர்கள் சுடுகிறார்கள். சுட்டும் ஆலங்கட்டி விழுந்தது, நெல்லிக்காய் பருமனில், தகரக் கூரையில். கால்மணி நேரத்தில் கரண்டு போனது.

பெட்டியைத் திறக்கவே கூடாது என்று கையாலும் வாயாலும் சொன்னேன். மூடியே இருந்தால் ஒருநாள் தாங்கும். பெட்டிமேல் இரண்டு போர்வையைப் போட்டு மூடினேன். சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு நினோ வீட்டுக்குப் போனேன்.

காலையில் வந்து பார்த்தால் போர்வைகள் தரையில். கரண்டு அப்போதுதான் வந்திருந்தது. பாதி ஒதுக்கிய பெட்டியிலிருந்த தன் மீனைக் காப்பாற்றக் கடைக்காரர் விடியற்காலையில் திறந்து எடுத்திருக்கிறார். அவர் பிழைப்பு அது, குறை சொல்ல முடியாது. மீன் வைத்திருந்த தகரத் தட்டு உரசி ஐந்தாவது உறையில் விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல். அடியில் உருகிய தண்ணீர் தேங்கி மறுபடி உறையத் தொடங்கியிருந்தது. கண்ணாடி மாதிரித் தெரியும் உறைக்கு உள்பக்கம் முத்து முத்தாக நீர்.

திறப்பதா, அப்படியே விடுவதா? என் குறிப்பு நோட்டில் இதற்குப் பதில் இல்லை. கிழிசலை டேப்பால் ஒட்டிவிட்டு வெளியே வந்து, மல்பெரிப் பழம் உதிர்ந்து கறுத்துக் கிடந்த ரோட்டில் நின்றேன். அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் கூப்பிட்டார். அவருக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் மூன்று மா நிலம். மேட்டூரில் தண்ணீர் திறந்தாகிவிட்டது, கடைமடைக்கு இன்னும் வந்து சேரவில்லை, நாற்று விடுவதா வேண்டாமா என்று பேசிக்கொண்டே போனார். பாதியில் நிறுத்தி, என்ன எஸ்தர் சத்தமே காணோம் என்றார். எல்லாவற்றையும் சொன்னேன், அந்த ‘நாங்கள்’ உட்பட. இந்த விஷயம் அவருக்கே அன்றுதான் தெரியும்.

“என்னங்க, இப்ப நான் என்ன பண்றது?”

“தெரியாதுன்னு சொல்லிடு,” என்றார். “தெரிஞ்ச மாதிரி நின்னா உனக்கு யாரும் சொல்லித்தர மாட்டாங்க. அந்தம்மாகிட்ட சொல்லிட்டு, உங்க பழைய சார் இருக்காருல்ல, அவருக்குப் போனைப் போடு.”

நினோ பள்ளியில் பியானோவுக்கு முன் உட்கார்ந்திருந்தார். நின்றபடியே சொன்னேன். நான் இதை என் கையால் செய்தது இதுவே முதல் முறை. இன்னொருவர் செய்ததைப் பார்த்திருக்கிறேன், அதுவும் கதவுக்கு வெளியே நின்று. ஒற்றை உறை போட்டதும் என் தப்பு. அவர் முகம் சிவந்தது. பியானோவின் மூடியை இறக்கி அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

“முன்னாடியே சொல்லியிருந்தா அப்பவும் உங்களைத்தான் கூப்பிட்டிருப்பேன்,” என்றார் கடைசியில். “ஆனா பாலிதீன் கூடுதலா வாங்கி வச்சிருப்பேன். உங்களைச் சந்தேகப்படற மாதிரி ஆயிடுமேன்னுதான் அளவைக்கூடக் கேக்கல.”

அவர் வேறெதுவும் திட்டவில்லை. அன்று மதியம் என்னோடு சேர்ந்து சாப்பிடவும் இல்லை.

ஓய்வுபெற்ற என் பழைய அதிகாரி போனை உடனே எடுத்தார். நான் பயந்தது மாதிரி கேலி செய்யவில்லை. உள்ளே தண்ணீர் போயிருந்தால் உறைந்தே கிடக்கட்டும், உறைந்திருக்கும்வரை சாயம் நகராது என்றார். நாள் கணக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். நல்ல உறைகளை வெளியே எடுத்த பிறகு ஒருநாள் பிரிக்காமல் வைக்க வேண்டும். கிழிந்ததை மட்டும் எடுத்த உடனே பிரித்து, தண்ணீர் உறிஞ்சும் பழைய பருத்தித் துணியை மேலும் கீழும் போட்டு ஒற்றி எடுக்க வேண்டும். “வேர்ச்சாயம்னா பயமில்லம்மா. கடைச்சாயம்னா கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்,” என்றார்.

அடுத்த ஏழு நாளில் நான் எதையும் சரியாகப் பார்த்ததாக நினைவில்லை. நினோ என்னை ஒரு பழைய மடத்துக்குக் கூட்டிப்போனார். சுவரோவியங்கள் இருந்தன. எனக்கு ஒவ்வொரு சிவப்பும் ஈரமாகவே தெரிந்தது. ஒரு வீட்டில் விருந்து. எழுந்து நின்று ஒவ்வொருவருக்காக வாழ்த்துச் சொல்லிவிட்டு ஒயின் குடிக்கிறார்கள். எனக்குச் செர்ரிச் சாறு கொடுத்தார்கள். இந்தியாவிலிருந்து நம் கம்பளங்களைக் காப்பாற்ற வந்த சகோதரிக்கு என்று ஒருவர் வாழ்த்தினார். எதிரே கோச்சா கோப்பையை உயர்த்தினார். நான் செர்ரிச் சாற்றைக் குடிக்காமல் கீழே வைத்தேன்.

பதினான்காம் நாள் காலை கிராமத்தில் கிடைத்த பழைய படுக்கைவிரிப்புகளை எல்லாம் சேர்த்து மேசையில் விரித்துவிட்டு ஐந்தாவது உறையைக் கொண்டுவந்தோம். பிரித்ததும் ஈரக் கம்பளி வாசம். இளக இளக ஒற்றினோம். துணியில் முதலில் அழுக்குத் தண்ணீர். அப்புறம் இளஞ்சிவப்பு. கீழ்ப்பக்கத்து மூன்று சாய்சதுரங்களில் ஒன்றைச் சுற்றி, வெள்ளைத் தளத்தில், உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு கசிந்திருந்தது. மாற்றி மாற்றித் துணி வைத்ததில் அதற்குமேல் பரவவில்லை. மற்ற சதுரங்கள் அப்படியே இருந்தன. வேர்ச்சாயம் எப்படி இறங்கியது என்று நினோவுக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

மற்ற நான்கையும் மறுநாள் பிரித்தோம். ஒரு துளி ஈரம் இல்லை. உதறியதில் புழுக்கள் சுருண்டு உதிர்ந்தன, அரிசி நொய் மாதிரி. ஊசியால் தொட்டுப் பார்த்தேன், ஒன்றும் அசையவில்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரம். நாங்கள் இரண்டு பேரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கோச்சா நடை முடித்து மதியம் வந்தார். நான் சொல்ல, நினோ மொழிபெயர்த்தார். என்ன நடந்தது, எது என் தப்பு என்று ஒன்றையும் விடாமல் சொன்னேன். அவர் உள்ளே வந்து பார்க்கக்கூட இல்லை. தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

“கம்பளம் என்னுது இல்ல. எத்தேரியோடது. அவகிட்ட நீங்களே சொல்லுங்க,” என்றார். போனில் எத்தேரியை அழைத்து நினோவின் கையில் கொடுத்துவிட்டு வண்டிப்பக்கம் போய்விட்டார்.

திரையில் ஒரு பூங்கா பெஞ்ச் தெரிந்தது. எத்தேரிக்கு மதியம் இரண்டு மணி நேரம்தான் ஓய்வு. அதில் இந்தப் பூங்காவுக்கு வந்து உட்காருவாராம். படத்தில் பார்த்ததைவிட மெலிந்திருந்தார். நான் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். இரண்டாம் முறை சொல்லும்போது எளிதாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. கம்பளத்தைக் காட்டச் சொன்னார். நினோ போனைக் கசிவுக்குப் பக்கத்தில் பிடித்தார். எத்தேரி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“கீழ்க் கட்டமா? மேல இருக்கறதெல்லாம்?”

மேலே எதுவும் ஆகவில்லை என்றேன். அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்றுதான் நினைத்தேன். தோள் குலுங்கியது. கையை எடுத்தபோதுதான் சிரிக்கிறார் என்று தெரிந்தது. நினோ எதையோ கேட்டார், பதில் வந்தது, மறுபடி கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, ஒவ்வொரு வாக்கியமாக எனக்குச் சொன்னார்.

“கல்யாணத்துக்கு முந்தின குளிர்காலம். ஊர்ல கரண்டு இல்ல, ரொட்டிக்கே வரிசை. நானும் அம்மாவும் இதை நெய்ஞ்சுக்கிட்டிருந்தோம். கடைசி மூணு கட்டத்துக்கு வேர் பத்தல. சந்தையில ஒரு சாயப் பொட்டலம் வாங்கிட்டு வந்து நான் தோச்சேன். மாமியார் வீட்ல, எல்லாம் வேர்தானேன்னு கேட்டாங்க. ஆமான்னேன். அப்புறம் மாத்திச் சொல்ல முடியல. முப்பது வருஷமா இதை ஒருத்தரையும் தண்ணியில போட விட்டதில்ல. இங்க வந்தும் மழைன்னு கேட்டா கூரை ஒழுகுமோன்னு கோச்சாவைக் கேப்பேன். கம்பளத்து மேல அவ்வளவு ஆசைன்னு அவர் நெனச்சுக்கிட்டிருக்கார்.”

நானும் ஒரு தடவை ஆமாம் என்று சொல்லிவிட்டுத்தான் இங்கே வந்தேன் என்று மட்டும் சொன்னேன். நினோ அதை மொழிபெயர்க்கும்போது எத்தேரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப நீங்களே அவருகிட்ட சொல்லிடுங்க,” என்றார். “எனக்கு வாய் வராது.” தான் பார்த்துக்கொள்ளும் அந்த அம்மா தூங்கி எழுகிற நேரமாகிவிட்டது, போகவேண்டும் என்றார். திரை அணைந்தது.

முப்பது வருடம் ஒரு பெண் கணவனிடம் சொல்லாததைப் பதினைந்து நாள் முன்பு வந்த நான் போய்ச் சொல்ல வேண்டும். கோச்சா வண்டியின் படியில் உட்கார்ந்து டயரையே பார்த்துக்கொண்டிருந்தார். நினோ எனக்குப் பக்கத்தில் நின்றார். சுருக்கமாகச் சொன்னேன். கோச்சா எழுந்து உள் அறைக்குப் போனார். நாங்கள் பின்னாலேயே போனோம். கம்பளத்தை உடனே சுருட்டி எடுத்துப் போய்விடுவார், சாயங்காலத்துக்குள் மற்ற வீட்டுக்காரர்களும் வருவார்கள் என்று நினோ நினைத்தது எனக்குத் தெரிந்தது. அவர் கை என் கையைப் பற்றியிருந்தது.

கோச்சா குனிந்து கீழ்க் கட்டங்களைத் தடவினார்.

“இந்த மூணுமா?”

ஆமாம் என்றார் நினோ.

“எனக்கு இந்த மூணுதான் புடிக்கும்,” என்றார். “வீட்ல இருந்தப்ப படுத்துக்கிட்டே பார்ப்பேன். மத்ததெல்லாம் கொஞ்சம் மங்கல்.”

காய்ந்ததும் அதே இடத்தில் மாட்டுங்கள் என்று சொல்லிவிட்டு வண்டிக்குத் தண்ணீர் ஊற்றப் போனார்.

மறுநாள் விமான நிலையத்துக்கு அவர்தான் கூட்டிப்போனார். நினோவும் வந்தார். நேரம் போதும் போதாமல்தான் கிளம்பியிருந்தோம். கணவாயின் உச்சியில், சிக்னல் நன்றாகக் கிடைக்கிற ஒரு வளைவில், கோச்சா ஒன்றும் சொல்லாமல் வண்டியை ஓரங்கட்டினார். இறங்கிப் புல்மேட்டில் கொஞ்ச தூரம் நடந்து போய் போனைக் காதில் வைத்தார். எத்தேரியிடம் என்ன பேசினார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. ஒருதரம் உட்கார்ந்தார். ஒருதரம் எழுந்து முதுகைக் காட்டி நின்றார். பத்து நிமிடம், இருபது நிமிடம். வண்டியில் இருந்த ஒரு பயணி கொட்டாவி விட்டார். விமானத்தைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது, எங்கே தங்குவது, வீட்டில் என்ன சொல்வது என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கூப்பிடட்டுமா என்று நினோ தன் கடிகாரத்தைக் காட்டினார்.

வேண்டாம் என்று தலையசைத்தேன். பேசி முடிக்கட்டும்.